ஓலை வாசிக்கும்போது நான் எழுந்து நின்றது பற்றி

கொடைக்கானல்,
14-5-1984, திங்கள்கிழமை.

பூம்பாறையில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி மரியஅந்தோணி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற செபஸ்தியான் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், அடைக்கலமேரி, மகள் அமலி மூவரும் ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் நேற்று முதல் இல்லை. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவும், மழை பிந்தி வந்து வெள்ளைப்பூண்டு ஈரமில்லாமல் காயவும் மன்றாடுகிறேன்.

நேற்றுக் கோயிலில் நடந்ததைத் தாங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஆனால் காரணம் என்னவென்று கேட்காமலே குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டீர்கள். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூஞ்சிக்கல் வரைக்கும் ஓடிவந்தேன், டிரைவர் நிறுத்தவில்லை. வருகிற இருபத்து மூன்றாம் தேதி தங்கள் மகன் பவுல்ராஜுக்கும் அமலிக்கும் கல்யாணம். அது நடக்குமா நடக்காதா என்பது வியாழக்கிழமை பங்குச்சாமியார் வைத்திருக்கும் விசாரணையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெற்ற தகப்பனே மகள் கல்யாணத்துக்குத் தடை சொன்னான் என்று ஏரியில் படகு விடுகிறவர்கள்கூடப் பேசிக்கொள்கிறார்கள். நான் தடை சொல்லவில்லை சம்பந்தி. திருத்தம் சொல்லத்தான் எழுந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தங்கள் மனைவி சூசையம்மாள் என்னிடம் கேட்டது தங்களுக்கு நினைவிருக்கும். “ஏங்க, செலோன்ல நீங்க இருந்தது லைன் வீடாமே? வரிசையா மாட்டுக்கொட்டம் கணக்கா இருக்குமாமே, அப்படியாங்க?” என்றார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உள்ளுக்குள் சுட்டது. ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, எழுபத்தொன்றில் கப்பலேறி வந்தவன் நான். அங்கே நாங்கள் லயம் என்போம், இங்கே லைன் என்கிறார்கள். அடுப்பும் படுக்கையும் ஒரே அறைக்குள்தான். ஆனால் மாடு கட்டியதில்லை.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் ஞாயிறு வாசிக்கிறார்கள்: “இலங்கை, ஹட்டன் தோட்டத்து லைனில் பிறந்தவளும் தற்போது இந்தப் பங்கில் வசிப்பவளுமான அமலி...” பிறந்த ஊரைப் போட்டால் போதாதா? லைன் எதற்கு? ஓலை எழுதுகிற உபதேசியார் தங்கள் மனைவிக்கு அக்காள் மருமகன். கூட்டிக் கழித்துப் பார்த்தேன், விடை வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு முடிவுக்கும் வந்தேன்: அந்த வார்த்தை கேவலமானதா இல்லையா என்பதை அது பிறந்த இடத்துக்கே போய்க் கேட்டுவிடுவது.

நான் பள்ளிக்கூட நூலகத்தில் அட்டெண்டர் என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே ஒரு இங்கிலீஷ் அகராதி இருக்கிறது. பல தொகுதி, ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். பன்னிரண்டு வருஷமாக அதற்குத் தூசி தட்டியிருக்கிறேனே தவிரத் திறந்ததில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான் சம்பந்தி! முப்பத்தொன்பது அர்த்தம் வரைக்கும் எண்ணினேன். நாற்பதாவதுக்குள் மணியடித்துவிட்டது.

ஆதியில் அது ஒரு செடி. ஆளி என்று ஒரு செடி, அதன் நாரிலிருந்து திரித்த நூலுக்குத்தான் லத்தீனில் அந்தப் பெயர், நம் பழைய பூசைப் பாஷையேதான். சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்கும் அந்த நூல் வம்சம், ஆக ஓலை வாசித்த சாமியாரின் அங்கிக்குள்ளேயே அது இருக்கிறது. நூல் கயிறானது, கயிற்றைப் பிடித்துச் சுவர் கட்டினான், கோடானது, ஏரியில் வெள்ளைக்காரப் பையன்கள் தூண்டிலில் கட்டுவதும் அதுதான், மழை பெய்தால் ஏறி வராத லைன்மேன் பார்க்க வேண்டியதும் அதுதான், பவுல்ராஜ் வேலை பார்க்கும் ஹோட்டலில் மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடைக்காமல் இருப்பதும் அதுதான். பாட்டுக்குள் ஒரு அடி, நாடகத்தில் ஒருவன் பேச வேண்டிய வசனம், பூமியை நடுவில் சுற்றிப் போகிற ரேகை, நாலு வார்த்தை எழுதிய கடிதம் எல்லாம் லைன். ராஜாக்களின் பரம்பரைக்கும் லைன் என்றே போட்டிருக்கிறான். முகத்தில் விழுகிற சுருக்கமும் உண்டு. அதைச் சம்பந்தியம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். இத்தனையிலும் மாட்டுக்கொட்டம் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் நூலகத்துப் பழைய கார்டுகளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நேற்றுக் கோயிலுக்கு வந்தேன். பூசை முடிந்ததும் சாமியாரைத் தனியே பார்த்துச் சொல்வதாகத்தான் எண்ணம், சத்தியம். ஆனால் மூன்றாவது தடவையும் ‘லைனில் பிறந்தவளும்’ என்று காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. வாசிப்பு அதோடு நிற்கும் என்று நினைத்தேன். சாமியார் நிறுத்தாமல், “தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். கோயில் முழுக்க உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் கையில் கார்டுக்கட்டோடு நிற்கிறேன்.

“செபஸ்தி, நீயா? ஒன் மக கல்யாணத்துக்கா?” என்றார்.

“ஆமா சாமி. சின்ன விசயந்தான், ஒரு அஞ்சு நிமிசம் ஆகும்” என்றேன்.

அடைக்கலமேரி என் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பித்தான் தெறித்தது. “ஒக்காருங்க, குடியக் கெடுக்காதீங்க!” என்று அவள் சொன்னது பீடம் வரைக்கும் கேட்டது. கோயிலுக்குள் எழுந்து நின்று தடை சொன்னால் விசாரிக்காமல் கல்யாணம் மந்திரித்து வைக்க முடியாது, அது சட்டம் என்று சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். கார்டுகளை வாங்கக்கூட இல்லை.

சம்பந்தி அவர்களே, எழுந்து நின்றதற்கு வருந்துகிறேன். எதற்காக எழுந்தேனோ அதற்கு வருந்தவில்லை. சூசையம்மாள் அவர்கள் தம் வாயால் உபதேசியாரிடம் சொல்லி அந்த வரியை எடுக்க வேண்டும். எடுத்தால் வியாழக்கிழமை நானே போய்த் தடை இல்லை என்று கையெழுத்துப் போடுவேன். எடுக்காவிட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன், சத்திரத்துக்குக் கட்டிய முன்பணம் போனாலும் சரி. என் மகள் எந்த வீட்டுக்குப் போனாலும் தலை நிமிர்ந்துதான் போக வேண்டும். இதில் நான் ஒரு அங்குலம் இறங்க மாட்டேன்.

மற்றபடி தங்கள் குடும்பத்துக்கும், வரப்போகிற மருமகனுக்கும், தங்கள் வீட்டுக் கோவேறு கழுதைகளுக்கும் மாதாவின் காவல் எந்நாளும் இருக்கட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்துக் கிடக்கும்,
ம. செபஸ்தியான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி நான் அடுக்களைக்குப் போன நேரத்தில் அமலி இதைப் படித்துவிட்டாள். “அத்தைய ஏம்ப்பா இழுக்கிறீங்க? அந்த வரிய எழுதச் சொன்னது நாந்தான்” என்கிறாள். உபதேசியார் வேண்டாம் என்றாராம், இவள்தான் பிடிவாதமாகப் போடச் சொன்னாளாம். ஏன் என்று கத்தினேன். “நான் அங்கதானே பொறந்தேன்? அண்ணனப் பொதச்சது அந்த லயத்துக்குப் பின்னாலதானே? அந்த எடத்தச் சொல்லாம நான் எங்கன பொறந்தேன்னு சொல்லுறது?” என்றாள்.

அவளுக்கு மூத்தவன் ஒருவன் எங்களுக்கு இருந்தான், சம்பந்தி. மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். தங்களிடம் நாங்கள் சொன்னதில்லை, எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்வதில்லை. கப்பலேறிய பிறகு அவன் பேச்சை இந்த வீட்டில் எடுத்தது நேற்று வரைக்கும் யாருமில்லை, இன்றைக்கு அவள்தான். அடைக்கலமேரி அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வேறு தாள் இல்லாததால் அடிக்காமல் அனுப்புகிறேன். சூசையம்மாள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வியாழன் வரை காத்திருக்கப் போவதில்லை. நாளை வெள்ளனே சாமியாரிடம் போய், தடை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஓலையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லப் போகிறேன். அந்த வரியைக் கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்வேன்.