கடலுக்கு ஷட்டர் கேட்டவன்

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். கம்பம் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை, வாய்க்கால் பாசனம். முறை வைத்து விடுவார்கள். ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் வரும், அடைத்தால் அடுத்த முறை வரைக்கும் வராது. உலகத்துத் தண்ணீரெல்லாம் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

மாமனார் வருசநாட்டுக்காரர், மானாவாரி விவசாயி. நாங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டதில் அவருக்கு வருத்தம். இரண்டு வருடமாக வீட்டுக்கு வருவார், காபி குடிப்பார், சோற்று நேரத்துக்கு முன்னால் எழுந்துவிடுவார். எப்படியாவது அவரை என் கையால் சாப்பிட வைத்துவிட வேண்டும். அதற்காகவே கொச்சிப் பக்கம் ஒரு தீவில், அந்தக் காலத்து மீன் கிட்டங்கி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்குப் பிடித்தேன். தங்க இடம் தருவார்கள், சமையல் நம் பாடு. (தீவிலிருந்து எழுந்து போய்விட முடியாதல்லவா!)

மறுநாள் காலை பிரியாணி ஏற்பாடு. உள்ளே இருந்த கேஸ் அடுப்பில் என் அண்டா உட்காரவில்லை. வெளியே, படகு ஒதுங்கும் இடத்தில், அகலமான கல்தளம். முந்தின நாள் மத்தியானம் நாங்கள் வந்து இறங்கியபோது அதன்மேல் தண்ணீர் நின்றது. இப்போது வற்றியிருந்தது. அங்கேயே செங்கல் அடுக்கினேன்.

கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் லீலாம்மா, "உச்சைக்கு வெள்ளம் கேறும், அவிடெ வேண்டா" என்றார். மத்தியானம் தண்ணீர் ஏறும் என்கிறார். எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும். நம்பத்தான் இல்லை.

"மாப்ள, அந்தம்மா சொல்றாகள்ல?" என்றார் மாமா.

"நேத்தே மொறை முடிஞ்சிருச்சு மாமா. இனி எட்டு நாளைக்கு இங்கன தண்ணி வராது."

தம் போட்டு, மூடிமேல் கங்கு அள்ளி வைத்துவிட்டு, உள்ளே இலை போடப் போனேன். கொஞ்ச நேரத்தில் 'சொய்ங்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பைக் காணோம், அண்டா மிதந்து போய்க்கொண்டிருக்கிறது.

"லீலாம்மா! யாரு தண்ணி தொறந்து விட்டது? ஷட்டரை அடைக்கச் சொல்லுங்க!"

"கடலினு ஷட்டர் இல்லா, மோனே."

என் மனைவி சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் அண்டாவைப் பிடித்து இழுத்து வந்தார். கரையேறியவர் அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏ ஆத்தா சுகந்தி, இவரு எல்லாம் தெரிஞ்சவருன்னு நெனச்சு ரெண்டு வருசமாப் பயந்துட்டேனே! இலையப் போடு!"

கடல் புகுந்த பிரியாணி, வாயில் வைக்க முடியாத கரிப்பு. நானே தொடவில்லை. மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது மாதம் தவறாமல் வந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் கை வைக்கும் முன் மகளை ஒரு கேள்வி கேட்காமல் இருக்கமாட்டார்:

"ஆத்தா, இன்னைக்கு உப்புப் போட்டது மாப்ளயா, கடலா?"