ஃபோல்டராதிபதி

ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் சங்கத்தில் இருப்பார், அலுவலகத்தில் இருப்பார், குடும்பத்துக்குள்ளேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை. பார்த்தவுடன் தெரியாது. அவர் அனுப்பிய லிங்க்கை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்: 'உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரைக் கேளுங்கள்' என்று திரை சொல்லும். அந்த உரிமையாளர்தான் இவர். லட்சாதிபதி, கோடீஸ்வரர் வரிசையில் இவருக்கு ஃபோல்டராதிபதி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

இவர் கெட்டவர் இல்லை. பொதுக்காரியம் என்றால் சோறு தண்ணி மறந்து ஓடுகிறவர். எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஊரில் உள்ள ஃபைல்களையெல்லாம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, கிளவுடில் ஏற்றி, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு, அதற்குள் இன்னொன்று போட்டு, அழகாக அடுக்கிவிட்டு, கடைசியில் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே என்ன இருக்கும்? 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி இதுவே', 'இறுதி தயவுசெய்து தொடாதீர்கள்'. இதில் எது இறுதி? அவரைத்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தானே அப்படிப் பெயர் வைப்பது!

எங்கள் போர்ட் பிளேர் தமிழ் மன்றத்தின் ஃபோல்டராதிபதி பக்தவத்சலம். மரைன் ஹில் குவார்ட்டர்ஸ்வாசி, மன்றத்தின் செயலாளர். சுனாமி வந்தபோது மன்றத்து பீரோவுக்குள் கடல் புகுந்து, போட்டோக்களும் பழைய நாடகப் பிரதிகளும் கூழாகிப் போயின. அன்று அந்தக் கூழை வெயிலில் பரப்பி உட்கார்ந்து அழுத மனிதர் அவர். சில வருஷம் கழித்து கிளவுட் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும், "இனி கடல் வந்து தொடட்டும் பார்க்கலாம்" என்றார். கடல் தொடவில்லை. எங்களாலும் தொட முடியவில்லை.

அந்த நாட்களில் தீவுக்கு நெட் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வரும். மழை வந்தால் அதுவும் நிற்கும். நெட் சென்டர்காரர் "ஆஜ் நெட் நஹி ஹை, கல் ஆனா" என்று, இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா என இந்தியில் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்குவார். அப்படிப்பட்ட ஊரில் தமிழரசி மாதிரி ஒருவர் அனுமதி கேட்டால் உரையாடல் இப்படிப் போகும்.

"சார், ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்."

"பார்த்தேம்மா. எதுக்கு?"

"நாடகம் சார்."

"அது தெரியும். பார்க்கவா, திருத்தவா? ரெண்டும் வேற வேற பர்மிஷன்."

"திருத்தணும் சார். நான் எழுதுன நாடகம்தானே?"

"டீக் ஹை, சரிதான். நெட் வரட்டும்."

தமிழரசி சிப்பிகாட் என்ற ஊரில் பள்ளிக்கூட டீச்சர். பொங்கல் விழாவுக்கு எழுதியது அவருடைய முதல் நாடகம். மெயின்லேண்ட் மாப்பிள்ளைக்கு வாக்கப்பட மறுத்து, தீவிலேயே இருப்பேன் என்று நிற்கும் ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் அவள் சொல்லும் 'வரமாட்டேன்' என்ற பதிலுக்காகவே முழு நாடகமும் எழுதியதாகச் சொல்வார். பக்தவத்சலம் என்ன செய்தார்? சிறப்பு விருந்தினர் முகம் சுளிப்பாரே என்று, பெண் தலைகுனிந்து 'பெரியவங்க சொன்னா சரி' என்று கப்பலேறுவதாக மாற்றிவிட்டார். தமிழரசி சண்டை போட்டு, அனுமதி வாங்கி, ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்து அந்தக் காட்சியை மறுபடி எழுதினார். தனிப் பிரதி வைத்துக்கொள்வது குழப்பத்துக்கு வழி என்பது செயலாளர் சட்டம், அதனால் வைத்துக்கொள்ளவில்லை. எழுதி முடித்ததும், இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று பக்தவத்சலம் எல்லோருடைய அனுமதியையும் ரத்து செய்தார். எழுதியவருடையதையும் சேர்த்துத்தான்!

அத்தோடு, மச்சினன் கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் கப்பலும் ஏறிவிட்டார். டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்ததை விடலாமா? "எல்லாம் ஃபோல்டர்ல இருக்கு. நான் எதுக்கு?" என்று கையசைத்தார். கப்பல் சென்னை போய்ச் சேர மூன்று நாள். நடுக்கடலில் சிக்னல் ஏது?

விழாவுக்கு முதல் நாள், புரோத்ராபூர் ஹாலில் கடைசி ஒத்திகை. நடிகர்கள் ஆளுக்கு ஒரு நாள், நெட் வந்தபோது கைக்குக் கிடைத்த 'இறுதி'யை இறக்கி மனப்பாடம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளையாக நடிக்கும் சுரேந்திரன் மணக்கோலத்தில் திருதிருவென்று விழித்தார்.

"அக்கா, நான்தான் மூணாவது சீன்லயே போட் கவுந்து செத்துட்டேனே? கல்யாணத்துக்கு எப்படி வர்றது?"

அது தமிழரசி எப்போதோ எழுதிக் கைவிட்ட முதல் பிரதி. கதாநாயகி விஜயகுமாரியோ, 'பெரியவங்க சொன்னா சரி' என்பதைக் கண்ணீரோடு அருமையாகச் சொன்னார். தமிழரசிக்குத்தான் நிஜக் கண்ணீர் வந்தது.

சுரேந்திரனுக்குத் துறைமுகத்தில் வேலை. அங்கே யார் யாரையோ பிடித்து, வயர்லெஸ் வழியாகக் கப்பலுக்கே தகவல் அனுப்பிவிட்டார். கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் பக்தவத்சலத்தைக் கூப்பிட்டார்களாம். அவர் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துப் பாதிப்பேர் ஆறுதல் சொன்னார்களாம். சற்று நேரத்தில் வங்கக் கடலிலிருந்து பதில் வந்தது.

"என்ன சொல்றாரு?" என்றார் தமிழரசி.

சுரேந்திரன் தலையைச் சொறிந்தார். "எந்த ஃபைல், கேக்குறது யாரு, பார்க்கவா திருத்தவான்னு கேக்குறாரு அக்கா."

"பாஸ்வேர்ட் கேளு!"

"கேட்டேன். வயர்லெஸ்ல சொன்னா கடல் பூரா கேக்குமாம்."

அதுவும் நியாயம்தான், இல்லையா?

தமிழரசி பேனாவை எடுத்தார். விழா நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் கடைசிக் காட்சியை எழுத ஆரம்பித்தார். மன்றத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி பதறிப்போனார்.

"ஃபோல்டர்ல இல்லாததை எப்படிம்மா மேடை ஏத்துறது? செகரட்டரி பார்க்கலையே?"

"என் தலையில இருந்துதான சார் ஃபோல்டருக்கே போச்சு? அதுக்கும் நான் பர்மிஷன் கேக்கணுமா?"

மறுநாள் மேடையில் விஜயகுமாரி நிமிர்ந்து நின்று, "நான் எங்கயும் வரமாட்டேன். பிடிச்சிருந்தா நீங்க இங்க வாங்க" என்றார். சுரேந்திரன் பழக்கதோஷத்தில் மூணாவது சீனில் செத்து வைத்தார். அதனால் பதில் சொல்ல எழுந்து வரவேண்டியதாயிற்று. கைதட்டல் ஓய வெகுநேரமானது. சிறப்பு விருந்தினரும் தட்டினார். படுதாவுக்குப் பின்னால் தமிழரசி விம்மி விம்மி அழுதார்.

சென்னைக் கரையில் சிக்னல் கிடைத்ததும் பக்தவத்சலம் மறக்காமல் அனுமதி கொடுத்தார். பார்க்க மட்டும்.

அடுத்த பொதுக்குழுவில் தமிழரசி ஏகமனதாகச் செயலாளரானார். புது ஃபோல்டர், புது யுகம்! ஆவலோடு லிங்க்கைத் தட்டினேன். திறக்கவில்லை. போன் போட்டேன்.

"கேட்டா குடுக்கப் போறேன் சார்," என்றார் இனிமையாக. "ஆனா என்ன வேலைக்குன்னு ஒரு வரி எழுதிருங்க. போன தடவை ஆளாளுக்குக் கை வச்சு நான் பட்டது போதும். உங்களுக்கே தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினேன்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? தங்கை கல்யாணப் போட்டோக்கள் யாருடைய ஃபோல்டரில் இருக்கின்றன? சித்தி மகள் எப்போது அனுமதி கேட்டாள்? நெட் வரட்டும் என்றீர்களே, வந்து பல வருஷமாகிறது. முதலில் அவளுக்குத் திறந்துவிட்டு வாருங்கள். அவள் கேட்ட படத்தில் இருக்கிற குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறது.