கம்சாயினியின் கார் எஞ்சினை நான் சுருக்கிய விபரம்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
செவ்வாய்க்கிழமை

பேர்கன் மாநகரில் அக்காவோடும் பிள்ளையோடும் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் என் மதிப்புக்குரிய வரதராசா அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் மகேசன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மங்களேஸ்வரியும் நலமாக இருக்கிறோம். தங்கள் மகள் கம்சாயினி என் பொறுப்பில் விட்டுச் சென்ற சிவப்புக் காரும் மிக மிக நலமாக இருக்கிறது. அங்கு தாங்களும் கமலேஸ்வரி அக்காவும் பிள்ளையும் எந்தக் குறையுமின்றி இருக்க முருகன் துணை நிற்பாராக. கார் நலமாக இருக்கிறது என்பதை இன்னொருமுறை எழுதிவிட்டு விசயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் இவன் கடுதாசி எழுதுகிறான் என்று தாங்கள் யோசிக்கலாம். போனிலை கதைச்சால் அக்கா உடனை ஸ்பீக்கரிலை போட்டுவிடுவா, பக்கத்திலை பிள்ளை நிப்பாள். வட்ஸ்அப்பிலை போடுவம் எண்டால் அந்தக் குடும்பக் குழுவிலை நான் ஒரு காலை வணக்கம் போட்டாலே லண்டனிலை இருந்தும் கனடாவிலை இருந்தும் பதினேழு பேர் கட்டைவிரலைக் காட்டுறாங்கள், எது தனி எது குழு எண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை. கடுதாசியை மட்டும்தான் ஒருத்தன் ஒருத்தனுக்கு எழுதலாம். தபால்காரன் இஞ்சை இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வாறான், எப்பிடியும் வியாழக்கிழமை உங்கடை கையிலை சேரும். சேர்ந்தவுடனை குளியலறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டு வாசியுங்கோ. கம்சாயினி சனிக்கிழமை ரயிலிலை வந்து காரை எடுக்கப்போறன் எண்டு செய்தி போட்டிருக்கிறாள், மாதக் கடைசிக்குள்ளை ஈயூ கொன்ட்ரோல் எண்ட அரசாங்கச் சோதனைக்குக் காட்டவேணுமாம். அத்தான், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டன், அவளை இரண்டு கிழமைக்கு மறியுங்கோ. காரிலை பிழை ஒண்டும் இல்லை. எஞ்சின்தான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

நடந்ததை நடந்தபடி எழுதுறன், ஒரு சொல்லுக் கூட்டமாட்டன். போன ஐப்பசியிலை, றோட்டுக்கு உப்புப் போடத் தொடங்க முந்தி, பிள்ளை காரைக் கொண்டுவந்து எங்கடை நிலக்கீழ் கராஜிலை விட்டவள். யப்பான்காரன் முப்பத்தைஞ்சு வருஷத்துக்கு முந்திச் செய்த ரெண்டு கதவுக் கார், பட்டனை அமத்தினால் லைற் ரெண்டும் தவளைக்கண் மாதிரி மேலை எழும்பும். ஆஸ்பத்திரி வேலையிலை சேர்த்த முதல் காசிலை அவள் அதை வாங்கேக்கை நீங்கள் எல்லாரும் ஏசினனீங்கள், பழங்கார் என்னத்துக்கு எண்டு. நான் ஒருத்தன்தான் வாங்கு பிள்ளை, மாமா இருக்கிறன் எண்டு சொன்னனான். அதுக்குக் காரணம் இருக்கு. சின்னனிலை இருந்து என்ரை கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்டது அவள் ஒருத்தி. பெற்றோல் வராத காலத்திலை யாழ்ப்பாணத்திலை நான் மூண்டு காரை மண்ணெண்ணெயிலை ஓடவைச்ச கதையை நூறுதரம் கேட்டிருப்பாள், ஒருதரமாவது "மெய்யோ மாமா?" எண்டு கேட்டதில்லை. அந்தப் பிள்ளை தார்ப்பாயைப் போட்டு மூடிப்போட்டு, "மாமா, இப்பிடியே விடுங்கோ. வேறை ஒண்டும் செய்யவேண்டாம். ஒண்டும் எண்டால் ஒண்டும்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் ரயிலேறினவள்.

ஐஞ்சு மாதம் நான் கிட்டவும் போகேல்லை. பங்குனியிலை கோயிலிலை ரெண்டுபேர், அதென்ன மகேசண்ணை, கராஜிலை விளையாட்டுக் கார் நிக்குதாமே, ஓடுமோ எண்டு கேட்டாங்கள். வாங்கோ சத்தத்தைக் கேட்டுப்போட்டுப் போங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தன். திறப்பைத் திருகினால் கிறுகிறு எண்டு சுத்துது, ஆனால் பத்துது இல்லை. பத்துத்தரம் திருகினன், இருபதுதரம் திருகினன். வந்தவங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டாங்கள். எனக்கு வேர்த்துக் கொட்டிச்சுது, அத்தான். ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்ன பிள்ளைக்கு, நான் ஒண்டு செய்தன், அதோடை கார் நிண்டுபோச்சு எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் அவளுக்குத் தெரியமுந்தி நானே திருத்திவிடுவம் எண்டு பொனெற்றைத் திறந்தன். திறந்தால் எஞ்சினைக் காணேல்லை. மேலை முழுக்கக் கறுப்புக் குழாய், பேனைத் தடிப்பிலை, ஒண்டுக்குள்ளை ஒண்டு பூந்து, இடியப்பத்தைத் தட்டோடை கவிட்டு வைச்சமாதிரிக் கிடக்கு. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது. அங்கை நாங்கள் ஓடின கார்களிலை இதொண்டும் இல்லை. எஞ்சினுக்குக் காத்து, எண்ணெய், நெருப்பு, இந்த மூண்டும் காணும். தேவையில்லாததைக் கழட்டி எறிஞ்சபடியால்தான் அந்த முப்பது காரும் மண்ணெண்ணெயிலை ஓடினது. யப்பான்காரனுக்குச் சண்டை நடந்த இடத்திலை கார் ஓட்டின பழக்கம் இல்லை, அதாலை கூட வைச்சிட்டான். சரி, நான் சுருக்கிவிடுறன் எண்டு தொடங்கினன்.

முதல்நாள் நாலு குழாய். அடுத்தநாள் ஒன்பது. பேந்து ஒரு சின்னப் பம்ப், அதைச் சுத்தின பெல்ற், வெய்யில் நாட்டுக்காரனுக்கு வைச்ச குளிர்ப்பெட்டி, ஒஸ்லோவிலை அது என்னத்துக்கு? கழட்டக் கழட்ட உள்ளுக்குள்ளை இன்னும் இருந்துது. மங்களேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தவள், "இதெல்லாம் எங்கை எங்கை இருந்தது எண்டு எழுதி வைச்சனீங்களோ?" எண்டு கேட்டாள். தேவையில்லாததுக்கு என்னத்துக்கு விலாசம் எண்டு சொன்னன். அவள் மேலை போய், குளிர்சாதனப் பெட்டியிலை கறிச் சட்டிகளுக்கு ஒட்டுற வெள்ளை ரேப்பைக் கொண்டுவந்து, குழாயிலை ஒரு துண்டு, குழாய் கழண்ட இடத்திலை ஒரு துண்டு எண்டு ஒட்டத் தொடங்கினாள். பேர் தெரியாதாம், அதாலை சொந்தக்காரரின்ரை பேரை எழுதிறாள். நெட்டையா நிண்டது உதயகுமாரி. ரெண்டு பக்கமும் வாய் இருந்தது சின்ன மச்சாள். இறுகிப்போய் லேசிலை கழட்ட ஏலாமல் கிடந்ததுக்கு உங்கடை பேர், அத்தான், நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். ஒரு குழாயைத் தூக்கிப் பிடிச்சு "இது எங்கையிருந்து வந்தது?" எண்டு கேட்டாள். எனக்குத் தெரியேல்லை. அதிலை என்ரை பேரை எழுதிப்போட்டாள். எல்லாமாக நாலு ஐஸ்கிறீம் பெட்டி நிறைஞ்சுது.

இவ்வளவும் சுருக்கியும் கார் பத்தேல்லை. எனக்குச் சோறு இறங்கேல்லை. காரும் என்னைப் பேய்க்காட்டத் தொடங்கிச்சுது. எந்தக் குழாயைக் கழட்டினனோ தெரியாது, நான் பக்கத்தாலை போனால் இடப்பக்கத்து லைற் மட்டும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஒற்றைக் கண்ணாலை என்னைப் பாக்குது. கடைசியிலை பழைய வித்தையைத்தான் எடுத்தன். அங்கை சின்னப் போத்திலாலை பெற்றோலைச் சொட்டுச் சொட்டா விட்டுத்தானே எஞ்சினை எழுப்புறது? ஒரு தக்காளிச் சோஸ் போத்திலைக் கழுவி, பெற்றோல் ஊத்தி, காத்துப் போற வாயிலை மங்களேஸ்வரியைச் சொட்டு விடச்சொல்லிப்போட்டுத் திறப்பைத் திருகினன். அத்தான், பத்திச்சுது! புலி மாதிரி உறுமிச்சுது! அவள் சொட்டு விட ஓடுது, அவள் மூக்கைச் சொறிஞ்சால் நிக்குது. "விடு, விடு, நிப்பாட்டாதை" எண்டு நான் கத்த, அவள் சொல்லுறாள், "அங்கை போத்தில் பிடிச்சுக்கொண்டு நிண்டது நீங்கள், எஞ்சின் பாத்தது என்ரை அண்ணை. இப்ப நான் போத்தில் பிடிக்கிறன், எஞ்சின் பாக்கத்தான் ஆளில்லை" எண்டு. கோவத்திலை போத்திலை ஒரு அமத்து அமத்திப்போட்டாள்.

படார் எண்டு ஒரு சத்தம். கறுப்புப் புகை. கராஜிலை மணி அடிக்கத் தொடங்க, மூண்டு மாடிக் கட்டடத்திலையும் சேர்ந்து அடிக்குது. அண்டைக்கெண்டு பாத்து தூக்னாட், வருஷத்திலை ஒருநாள் குடியிருக்கிற எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டுற நாள், நூறு நூற்றைம்பது பேர் வெளியிலை. நான் முகமெல்லாம் கரியோடை இருமிக்கொண்டு மேலை வர, எல்லாரும் விளக்குமாத்தோடை என்னைப் பாத்தபடி வரிசையா நிக்கினம். நாலு தீயணைப்பு வண்டி வந்தது. மங்களேஸ்வரி ரெண்டு எண்டுவாள், அவள் பின்பக்கம் பாக்கேல்லை. அதிலை வந்த பெடியன் ஒருத்தன் பொனெற்றுக்குள்ளை லைற் அடிச்சுப் பாத்திட்டு, "மிச்ச எஞ்சின் எங்கை?" எண்டு கேட்டான். அதை நான் பாராட்டாத்தான் எடுத்தனான்.

எங்கடை கட்டடச் சங்கத் தலைவி அனஸ்ரேசியா, பாசையூர்ப் பிள்ளை, பஸ் ஓட்டுறவ. றப்பர்ச் சப்பாத்தும் கையிலை மண்வெட்டியுமா வந்து நிண்டா. "மகேசன் அண்ணை, என்ன இது?"

"எஞ்சின் சுருக்கிறன், பிள்ளை."

"எஞ்சினை என்னத்துக்குச் சுருக்குவான்? அது என்ன சட்டையோ? பெற்றோல் வரேல்லை எண்டால் முதல் பியூஸைப் பாத்தனீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "பிள்ளை, பியூஸ் போனால் வீட்டிலை லைற் நிக்கும். இது எஞ்சின். ஐம்பது காரை மண்ணெண்ணெயிலை ஓட்டினவனுக்குப் பியூஸ் சொல்லித் தராதை" எண்டன். அவ நேரை மேலை போய், இனி இந்தக் கராஜுக்குள்ளை ஒரு சொட்டுப் பெற்றோல் திறக்கக்கூடாது, ஒரு ஆணி கழட்டக்கூடாது எண்டு எழுதி, எல்லாக் கதவிலையும் ஒட்டிப்போட்டா. என்ரை பேர் போடேல்லை. போடாமலே எல்லாருக்கும் தெரியும்.

இப்ப சொல்லுங்கோ அத்தான், நான் என்ன செய்ய? கராஜிலை தொட ஏலாது, வெளியிலை கொண்டுபோக ஓடாது, சனிக்கிழமை பிள்ளை வந்து நிக்கப்போறாள். மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை. கார் போனால் போகட்டும் எண்டு சொல்ல வரேல்லை. ஆனால் அந்தப் பிள்ளை தார்ப்பாயைத் தூக்கிப் பாத்திட்டு, இவ்வளவு நாளும் மாமா அளந்ததெல்லாம் இதுதானோ எண்ட மாதிரி ஒருதரம் என்னைப் பாத்தால், பிறகு நான் ஆருக்குக் கதை சொல்லுறது? அதாலை நீங்கள் ஒரு நெஞ்சுவலி எண்டு படுங்கோ. பெரிசா வேண்டாம், அவள் ஆஸ்பத்திரிப் பிள்ளை, கண்டுபிடிச்சிடுவாள். நாரிப்பிடிப்பு எண்டாலும் காணும். இல்லாட்டி சனிக்கிழமை அட்டமி எண்டு அக்காவை விட்டுச் சொல்லுங்கோ, நாள்காட்டியை ஒளிச்சுவையுங்கோ. மலைப்பாதையிலை பனி விழுந்து ரயில் நிண்டிட்டுது எண்டும் சொல்லலாம், மே மாதம் எண்டாலும் நோர்வேயிலை ஆர் கேக்கிறது. இந்த உலகத்திலை நான் மனம்விட்டு நம்பிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான்.

வேறு விசேடம் ஒன்றுமில்லை. அக்காவின் கால்வீக்கம் வற்றித் தாங்கள் எல்லோரும் தேக சுகத்துடன் இருக்கவும், தங்கள் வீட்டுக்கு இந்தக் கடிதத்துக்கு முன் எந்தச் செய்தியும் வந்து சேராதிருக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட மைத்துனன்,
க. மகேசன்

பின்குறிப்பு: இண்டைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. இந்தக் கடுதாசி தபால்பெட்டிக்குப் போகேல்லை. போடுறதுக்கு எண்டு புறப்பட்டு, ஒருக்கால் காரைப் பாத்திட்டுப் போவம் எண்டு இறங்கினதிலை, ஜக்கற்றைக் கராஜ் ஆணியிலை கொழுவினபடியே விட்டிட்டன். சனிக்கிழமை கம்சாயினி வந்து தார்ப்பாயைத் தூக்கினாள். ஐஸ்கிறீம் பெட்டி நாலையும் ஒவ்வொண்டாத் திறந்து பாத்தாள். பிறகு தன்ரை ஜக்கற்றைக் கொழுவப் போய் என்ரை பொக்கற்றிலை இதைக் கண்டு, ஐஸ்கிறீம் பெட்டிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து முழுக்க வாசிச்சாள். தீயணைப்புப் பெடியன் கேட்ட இடம் வர, "ஹேரகூட், மாமா!" எண்டு நோர்வேக்காரர் மாதிரிக் கடவுளைக் கூப்பிட்டுப்போட்டுக் கண்ணீர் வரச் சிரிச்சாள். சிரிச்சு முடிய, கைப்பையைத் திறந்து, கடுதாசியிலை சுத்தின ஒரு சின்னச் சாமானை எடுத்துக் காட்டினாள். சுண்டுவிரல் நகமளவு. பெற்றோல் பம்பின்ரை பியூஸ். ஐப்பசியிலையே கழட்டிக்கொண்டு போட்டாளாம்! காரிலை ஒருநாளும் ஒரு பிழையும் இருக்கேல்லை, அத்தான்! கழட்டச் சொன்னது ஆர் எண்டு கேட்டன். "அப்பாதான். உன்ரை மாமன் சும்மா இருக்கமாட்டான் எண்டு சொன்னவர். எனக்கு விருப்பமில்லை மாமா" எண்டாள். அவளுக்கு விருப்பமில்லை எண்டதை நம்புறது எண்டு நான் முடிவெடுத்திருக்கிறன். நான் மனம்விட்டு நம்பிற ஆள் நீங்கள்தான் எண்டு மேலை எழுதின வசனத்தை மட்டும் வெட்டிவிடுங்கோ.

அனஸ்ரேசியா மனமிரங்கி வெளியிலை விருந்தாளிகள் கார் விடுற இடத்தைத் தந்தா. ரெண்டு நாள் பிள்ளையும் நானும் மங்களேஸ்வரியும் உதயகுமாரியை உதயகுமாரியோடை, சின்ன மச்சாளைச் சின்ன மச்சாளோடை எண்டு பேர் பாத்துப் பூட்டினம். உங்களைப் பூட்டத்தான் சுத்தியல் தேவைப்பட்டுது. பியூஸைப் போட்டு ஒரு திருகல், கார் பத்திச்சுது, கண் ரெண்டும் ஒண்டா எழும்பிச்சுது. நேற்றுச் சோதனையும் பாஸ். கம்சாயினிதான் முத்திரை ஒட்டி, இதை அப்பாவுக்கு அனுப்புங்கோ மாமா எண்டு தந்தவள்.

எல்லாம் பூட்டி முடிய ஒரு குழாய் மிஞ்சிச்சுது. அதிலை மங்களேஸ்வரியின்ரை எழுத்திலை என்ரை பேர் இருக்கு. அது இல்லாமலே கார் நல்லா ஓடுதாம். ஆனபடியால், அத்தான், நூறு காரை மண்ணெண்ணெயிலை ஓட்டினவன் இந்த எஞ்சினையும் சுருக்கினவன் எண்டது, ஒரு குழாயளவுக்கு எண்டாலும் உண்மை.