தீயண்ணாச்சி வைத்த பரீட்சை

உலகத்தில் எத்தனையோ இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் இருக்கலாம். தேடி வந்த வாடிக்கைக்காரரை வாசலோடு விரட்டியடித்த ஏஜெண்டு ஒரே ஒருவர்தான். அவர் தென்காசியில் இருந்தார். கடைக்கும் கடைச் சாமானுக்கும் தீ இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கு அவர் தீயண்ணாச்சி.

ஒடிசலான உடம்பு, கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட மூடிக் கடிகாரம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிப்பார். சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்புவிழா. வந்தவர்களெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வாழ்த்திக்கொண்டிருக்க, இவர் முதலாளியிடம் போய், “இது பத்திக்கிட்டா எந்தப் பக்கமா ஓடுவீய?” என்று கேட்டார். முதலாளியின் சம்சாரம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணாச்சி ஓடவில்லை. கொல்லைப்பக்கம் வாசல் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த வழியாகவே வெளியேறினார்.

குற்றாலத்துச் சாரலில் குடை பிடித்துக்கொண்டு தீ இன்சூரன்ஸ் பேசப் போன மனிதரும் அவர்தான். ஐந்தருவிக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கடை வைத்திருந்த ஒருவர், தானாகவே முன்வந்து பாலிசி கேட்டார். கேட்டபோது அவர் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

“உமக்குப் பாலிசி கெடையாது” என்றார் அண்ணாச்சி.

“மேல அஞ்சு அருவி கொட்டுது, இங்கன எப்படி அண்ணாச்சி தீப்பிடிக்கும்?”

“அருவி பாறையிலதான்வே விழுது. உம்ம டின்னுல விழல.”

இப்படி நடந்தால் பட்டணத்துக் கம்பெனி சும்மா இருக்குமா? “உம்மை ஆள் பிடிக்க வைத்தோமா, ஆளை விரட்ட வைத்தோமா?” என்கிற தோரணையில் மாதம் தவறாமல் கடிதம் வரும். அண்ணாச்சி அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு, “எரிஞ்ச பிறவு கைகுடுக்கது அவிய வேலை. எரியாமப் பாக்கது என் வேலை” என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

நான் அப்போது தென்காசியில் ஒரு சின்ன அச்சுக்கூடம் நடத்திவந்தேன். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் ஒன்று, ஈய எழுத்துகள் பத்துப் பெட்டி, அச்சுக்கோக்கச் சுடலை, மெஷின் ஓட்ட மைதீன். என் சொத்து சுகம் எல்லாம் அந்த டிரெடில்தான். அது போனால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் பாலிசி வேண்டும் என்று கேட்டேன்.

மூன்று தடவை என்னைப் பெயிலாக்கினார். முதல் தடவை, எழுத்துக் கழுவிய மண்ணெண்ணெய்த் துணி மூலையில் கிடந்தது. இரண்டாம் தடவை, காகிதக் கட்டுக்கு நேர்மேலே லாந்தர் தொங்கியது. மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்காக இருந்தது. சுடலையின் காதில் மட்டும் ஒரு பீடி இருந்தது.

அதற்குப் பிறகுதான் பரீட்சை ஆரம்பமாயிற்று. அண்ணாச்சி முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பார். கடிகாரத்தைத் திறந்து, “ஏலே, பரீட்சை” என்பார். உடனே சுடலை எழுத்துப் பெட்டிகளைத் தெருவுக்குத் தூக்க வேண்டும். சூட்டில் உருகிவிடும் மை உருளைகளை மைதீன் கழற்ற வேண்டும். டிரெடிலை அசைக்க முடியாதாகையால், அதன்மேல் ஈரச்சாக்குப் போட்டு மூட வேண்டும். மணல் வாளி என் பொறுப்பு. முதல் பரீட்சையில் சுடலை வெகு வேகமாக வெளியே வந்தான், கையில் தன் சோற்றுத் தூக்குச்சட்டியுடன். அன்றைக்கு அண்ணாச்சி அவனைத் திட்டிய திட்டில் எனக்கே சோறு இறங்கவில்லை. ஏழெட்டுப் பரீட்சைக்குப் பிறகு ஒருவழியாக மனம் இரங்கி, விண்ணப்பத்தைப் பட்டணத்துக்கு அனுப்பிவைத்தார்.

பாலிசி இன்னும் வரவில்லை. வைகாசிக் கடைசி. சாரல் இறங்கவில்லை, காற்று மட்டும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்குமேல் கிடந்தது. பட்டப்பகலில் அண்ணாச்சி உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

“ஏலே, பரீட்சை.”

“போன வாரந்தான வச்சிய?” என்று சுடலை முனகினான்.

“வாயப் பொத்திக்கிட்டுப் பெட்டியத் தூக்குலே.”

வாளியை எடுக்கப் பின்பக்கம் போனேன். அடுத்த வீட்டுக் காராச்சேவு அடுப்பிலிருந்து பறந்த பொறியில், எங்கள் பனையோலைச் சாய்ப்புக் கூரை நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது! கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அண்ணாச்சியின் உள்ளங்கை வந்து என் வாயை அடைத்தது.

“சத்தம் போடாதேயும். மணலை வீசும்” என்றார் காதோடு.

வீசினேன். அவர் ஓலையைக் கம்பால் இழுத்துக் கீழே தள்ளினார். உள்ளே சுடலையும் மைதீனும் அலுத்துக்கொண்டே, ஒரு பிசகு இல்லாமல், வரிசைப்படி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார்கள். சாக்குப் போட்டு முடித்த மைதீன் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “எலே சுடலை, அண்ணாச்சி இன்னைக்குக் கொளுத்தியே வச்சிருக்காரு” என்றபடி இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். தீ அடங்கிவிட்டது. சாய்ப்பும் கொஞ்சம் காகிதமும் போயின. டிரெடில் ஈரச்சாக்குக்குள் அப்படியே இருந்தது.

“எத்தன நிமிசம் அண்ணாச்சி? பாசா?” என்றான் சுடலை.

“பாஸ்தாம்லே. போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

அவர்கள் போனதும் அண்ணாச்சி கரியும் சேறுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் கடிகாரம். அதன் மூடியை அவர் திறக்கவே இல்லை. அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் சங்கிலி கலகலவென்றது.

“ஏன் அண்ணாச்சி அவங்ககிட்ட உண்மையைச் சொல்லல?”

“நெசமின்னா ஓடியிருப்பானுவ.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்குத் தீயின்னா உசிரே போயிரும்வே. நெசமின்னு வாயைத் தொறந்து சொல்லியிருந்தா, மொதல்ல நான்தான் ஓடியிருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நடுங்கிய அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, நடுக்கம் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.