செம்மநத்தம் சாலையில் நான் சும்மா ஓடிய காலை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவன் ஓட்டல் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேரக் கூடாது. நான் சேர்ந்தேன். சேலம் அம்மாபேட்டையிலிருந்து மலையேறி வந்து, ஏற்காட்டில் ஏரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு நடுத்தர ஓட்டலில் உட்கார்ந்த நாளிலிருந்தே, "பனி எப்போது விலகும்?" என்று யாராவது கேட்டால்கூட நேரம் சொல்லிவிடுகிற துணிச்சல் எனக்கு வந்துவிட்டது. (விலகாவிட்டால் பனி மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.)

அப்படி ஒரு சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து வந்த தம்பதி கண்ணைக் கூச வைக்கும் ஷூக்களோடு என் முன்னால் நின்று, இங்கே காலையில் ஓடுவதற்கு நல்ல பாதை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"மூன்று இருக்கிறது சார்" என்றேன்.

அன்றுவரை ஏற்காட்டில் நான் அறிந்த ஓட்டம், கிளம்பிவிட்ட சேலம் பஸ்ஸின் பின்னால் ஓடுவது மட்டும்தான். அதிலும் கண்டக்டர் பரிதாபப்பட்டு விசில் கொடுத்தால்தான் எனக்கு வெற்றி. இருந்தாலும் வாய்க்கு வந்ததை அடுக்கினேன். ஏரியைச் சுற்றி ஒன்று, வனத்துறைப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே ஒன்று, காபித் தோட்டங்கள் வழியாகச் செம்மநத்தம் பக்கம் ஒன்று. அவர்கள் மகிழ்ந்து போனார்கள். எனக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளி அவர்களைவிட மகிழ்ந்து போனார்.

"அட, இதை ஒரு போர்டா எழுதி வாசல்ல வெச்சுப்போடலாமுங்களே! நீங்களே ஒருக்கா ஓடிப் பாத்து, தூரம் எவ்வளவு, ஏத்தம் எங்க, எறக்கம் எங்கன்னு எழுதிக் குடுங்க."

இப்படித்தான் நான் ஓட்டக்காரன் ஆனேன். சேலம் போய் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஷூ வாங்கினேன். கடைக்காரர் வேறு நிறம் காட்டத்தான் செய்தார். ஓடுகிறவன் தெரிய வேண்டாமா என்று நான்தான் அடம் பிடித்தேன்.

முதல் இரண்டு பாதைகளும் சிரமமில்லாமல் முடிந்தன. ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். அங்கே ஒருவன் மூச்சிரைக்க ஓடுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூங்காவில் மட்டும் ஒரு குரங்கு கொஞ்ச தூரம் என்னோடு கூட வந்தது. பிறகு அலுப்புத் தட்டி என்னை முந்திக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது பாதை எங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கியது. செம்மநத்தம் போகிற அந்தச் சாலையில், ஒரு எஸ்டேட்டை ஒட்டித்தான் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். தினமும் மேடும் பள்ளமுமாக நடந்தே வேலைக்குப் போகிற ஜனங்களுக்கு அதே சாலையில் ஓடவேண்டும் என்று என்ன தலையெழுத்து? காட்டெருமை துரத்தினால் ஓடுவார்கள். வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் ஓடுவார்கள். வேறு காரணத்துக்காக அந்தச் சாலையில் யாரும் ஓடியதே இல்லை. இது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அப்போது என் மனைவி சுகன்யா நிறைமாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்ததும் அம்மாபேட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், சித்திரை வெயிலில் அங்கே வெந்து சாக முடியாது என்று மலையிலேயே தங்கிவிட்டாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அன்று காலை நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுகன்யா சொன்னாள்.

"இடுப்பு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"சூடு. வெந்தயம் ஊற வெச்சுக் குடி. அரை மணி நேரத்துல வந்துடறேன்."

(அந்த வயதில் எனக்குத் தெரியாத வைத்தியமே கிடையாது.)

"நாளைக்கு ஓடக் கூடாதுங்களா?"

"நாளைக்கு போர்டு எழுதறவர் வந்துருவாரு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணமானவர்களுக்கு அதன் பொருள் தெரியும். நான் அப்போது கல்யாணமாகி இரண்டே வருடமான ஆள். தூரம் அளக்கிற செயலியைப் போனில் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

முதலில் இறக்கம். இறக்கத்தில் ஓடுகிற எவனும் தன்னை மாவீரன் என்று நினைத்துக்கொள்வான். இரண்டு பக்கமும் காபி பூத்துக் கிடந்தது. மல்லிகை மாதிரி வாசனை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது, நடுவே பனி நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை அழகான இடத்தில் குடியிருந்துகொண்டு இவ்வளவு நாள் தூங்கித் தொலைத்தோமே என்று வருந்தினேன். வருத்தம் முடிவதற்குள் ஏற்றம் வந்தது. பாதி ஏற்றத்திலேயே என் மூச்சு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

ஏற்றத்தின் உச்சியில் மாதேஸ் அண்ணனின் டீக்கடை. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கிளாஸை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்க மேனேஜரு, என்னாச்சுங்க?"

(நான் மேனேஜர் இல்லை. அந்தச் சாலையில் இன்றுவரை யாரும் அதை நம்பத் தயாராக இல்லை.)

'சும்மாதான் ஓடுகிறேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சாலை போகிற பக்கம் நீட்டிக் காட்டினேன். அந்தக் கோடிவரை போய்த் திரும்பப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம். நான் கை நீட்டிய திசையில்தான் அந்தோணி வீடு இருந்தது. வெள்ளக்கடையிலிருந்து வந்து அங்கே குடியேறிய அந்தோணியிடம் ஒரு ஜீப் உண்டு. அந்தச் சாலையில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அந்த ஜீப்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். நிறைமாதக்காரியின் புருஷன் பேச்சு வராமல் அந்தப் பக்கம் ஓடினால், பார்க்கிறவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

மாதேஸ் அண்ணன் கடைக்குள் திரும்பிக் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. என்னவென்று காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பைக்கில் என்னைக் கடந்தார்.

"பதறாதீங்க சார், நான் போய்ச் சொல்லிப்போடறேன்!"

ஓடுகிறவனை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

அடுத்த வளைவில் எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா ஆகும். சேர்வராயன் பாத்துக்குவாரு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட ஜனங்கள்! ஒருவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஓடினால் மலைத் தெய்வத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். 'வழியெங்கும் கிராம மக்களின் அன்பான வரவேற்பு' என்று போர்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிரே அந்தோணியின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் வந்து கிறீச்சென்று நின்றது.

"ஏறுங்க சார், ஏறுங்க!"

பாதி வழியில் ஜீப்பில் ஏறினால் தூரக் கணக்கு கெட்டுப்போகுமே! நான் சிரித்துக்கொண்டே, வேண்டாம், நீங்கள் போங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அந்தோணி ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்க பின்னால வாங்க. நேரமில்லீங்க!"

ஜீப் பறந்தது. அது எங்கள் வீட்டுப் பக்கம் போயிற்று. நான் செம்மநத்தம் பக்கம் போனேன்.

அந்தோணியின் வீட்டை நெருங்கியபோது அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"ஏனுங்க, நீங்க ஜீப்புல போகலீங்களா?"

"எங்கங்க?" மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டேன்.

"உங்க சம்சாரத்துக்கு வலி வந்துருச்சுன்னுதானுங்க வண்டி போயிருக்குது!"

அந்தத் திண்டாட்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இல்லீங்க, யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள், நான் சும்மா உடற்பயிற்சிக்குத்தான் ஓடி வந்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். ஊரையே அநியாயத்துக்கு அலைக்கழித்துவிட்டோமே, எல்லாரிடமும் எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதுதான் அப்போது என் கவலை. அந்தோணி வீடு இருந்த மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. பையில் போன் விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். எல்லாமே சுகன்யாவின் தவறிய அழைப்புகள். நான் வாசலைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்திருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதுவரை ஓடிய மகா ஓட்டக்காரனுக்கு இப்போது பத்தடி நடக்க முடியவில்லை. அந்தோணியின் மனைவிதான் ரோட்டில் பால் கொண்டுபோன பைக்கை மறித்து நிறுத்தி, கேனை இறக்கி வாங்கிக்கொண்டு என்னைப் பின்னால் ஏற்றிவிட்டார். வழி நெடுக நான் சுகன்யாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேனாம். பால்காரர் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வீட்டில் நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் கொல்லைக் கொய்யா மரத்தடியில் மட்டும்தான் போன் பேச முடியும். சுகன்யா அங்கே நின்று என்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். திடீரென்று பனிக்குடம் உடைந்துவிட்டது. போனை மதில்மேல் வைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறி உள்ளே வந்தவள், சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீடு மேட்டுக்கு மேலே இருக்கிறது, கூப்பிட்டால் கேட்காது. அந்த நேரத்தில்தான், மாதேஸ் அண்ணன் சொல்லியனுப்பி, மேட்டு வீட்டு ஸ்டெல்லா அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறார். மிஷன் பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்ப்பவர். சமையலுக்காக இடுப்பில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தவர். அவர் சுகன்யாவைத் தூக்கி உட்கார வைக்கவும் வாசலில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்ததாம்.

வீடு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. நர்ஸ் வெளியே வந்து ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னார்.

"நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்க. இன்னுங் கொஞ்சம் லேட் ஆயிருந்தா ரெண்டு பேருக்குமே நொம்பக் கஷ்டமாயிருக்கும்."

சொல்லிவிட்டு என் ஆரஞ்சு ஷூவைப் பார்த்தார். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

உள்ளே போனேன். சுகன்யா கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு தூரம் ஓடுனீங்க?"

வெளியே தாழ்வாரத்தில் மாதேஸ் அண்ணன், அந்தோணி, ஸ்டெல்லா அக்கா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணே, நான் ஜீப்புக்காக ஓடவில்லை, எனக்கு ஒன்றுமே தெரியாது என்றேன்.

"அப்ப எதுக்குங்க ஓடுனீங்க?" என்றார் மாதேஸ் அண்ணன்.

"சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதாண்ணே. உடம்புக்கு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஸ்டெல்லா அக்காதான் சிரித்தார். அவரால் நிறுத்தவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"போகுது உடு கண்ணு. நீ எதுக்கு ஓடுனா என்ன? புள்ள நல்லபடியா வந்துருச்சில்ல."

அதை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்து, 'சும்மாதான் ஓடறேன்' என்று மாதேஸ் அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவர் மறுபடி கிளாஸ் கழுவப் போயிருப்பார். என் நுரையீரலுக்கு வலு இல்லாததால்தான் என் மனைவியும் மகளும் இன்று இருக்கிறார்கள். யோகா வகுப்புக்குப் போகலாமா என்று ஒருமுறை கேட்டபோது சுகன்யா, மூச்சை மட்டும் நீங்கள் பலப்படுத்தவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் மூச்சு ஒரு சாக்குதான். அந்த ஜனங்கள் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். பதில் வருவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நன்றியை நான் எத்தனை பிறவி எடுத்தும் தீர்க்க முடியாது.

போர்டு ஓட்டல் வாசலில் இருக்கிறது, மூன்றாவது பாதையும் அதில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் விருந்தாளிகள் அந்தச் சாலையில் ஓடுகிறார்கள். மாதேஸ் அண்ணன் ஒருவரையும் விடாமல் நிறுத்தி, ஊட்டில் எல்லாரும் நல்லா இருக்கறாங்களா என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அவர்கள் என்னிடம் வந்து, இந்த ஊர்க்காரர்கள் ரொம்பப் பாசக்காரர்கள் என்கிறார்கள். ஆமாம் சார் என்கிறேன். இந்த ஒன்றைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பிறந்தநாளுக்கு மூன்று குடும்பமும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கதையை மகளே எழுந்து நின்று சொல்வாள். "நான் பொறந்தப்ப எல்லாரும் எங்க ஊட்டுக்கு ஓடியாந்தாங்க. எங்கப்பா ஒருத்தர் மட்டும் அந்தப் பக்கம் ஓடிட்டாரு" என்று அவள் கை காட்டும்போது வீடே அதிரும். அந்தோணி விடமாட்டார்.

"ஏறுங்கன்னு கெஞ்சுனனுங்க. டாட்டா காட்டிட்டுப் போனாருங்க!"

பிறகு படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நிற்போம். மகள் உடனே குரல் கொடுப்பாள்.

"மாமா, அப்பாவைப் புடிச்சுக்கங்க. ஓடிருவாரு!"

அந்தோணி என் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொள்வார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பிறந்தநாள் படங்கள் எல்லாவற்றிலும் மகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டு வருகிறாள், அந்தோணியின் கை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. வருகிற விருந்தாளிகள், ஏன் சார் உங்களை அப்படிப் பிடித்திருக்கிறார் என்று கேட்பார்கள். அவர்களை உட்கார வைத்து, டீ கொடுத்து, முதலிலிருந்து சொல்லுவேன்.