தோஷம் உதிர்க்கும் பெட்டி

எங்கள் தெருவில் அந்த மாதம் யாரும் கையை வீசிக்கொண்டு நடக்கவில்லை. ஆளுக்கொரு கறுப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். ஹோம் தியேட்டரில் தரையில் உட்கார்ந்து 'தும் தும்' என்று இடிக்குமே, அந்த சப்வூஃபர். தோளில் ஒருவர், தலையில் ஒருவர். என் அண்ணன் ஒரு படி மேலே போனான். மூன்று மாதக் கைக்குழந்தையை அண்ணியின் தோளில் போட்டுவிட்டு, குழந்தையின் தள்ளுவண்டியில் பெட்டியைப் படுக்கவைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்தித் தள்ளிக்கொண்டு போனான்.

எல்லோரும் போனது முழக்கானந்தரிடம். முன்பு ஸ்பீக்கர் கடை வைத்திருந்தவர். விற்றதெல்லாம் பழுதாகித் திரும்பி வர, கடையை மூடினார். உடனே ஞானம் பிறந்தது. பிறக்காதா பின்னே? ஸ்பீக்கர் பழுதானால் ஜனங்கள் திருப்பிக் கொண்டுவருவார்கள். ஞானத்தை எவன் திருப்பிக் கொண்டுவந்தான்?

அவர் கண்டுபிடிப்பு இதுதான். வீட்டுச் சுவரில் தோஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை இடிமுழக்கத்தால்தான் உலுக்கி உதிர்க்க முடியும். பெட்டியை ஒருநாள் அவரிடம் விட்டால் 'தீட்சை' கொடுத்துத் தருவார். பிறகு வீட்டுக்கு வந்து, தரையில் வெள்ளைத் துணி விரித்து, சத்தத்தைக் கூட்டச் சொல்வார். கூட்டக் கூட்டத் துணியில் கறுப்பாகப் பொடி விழும். ஆகா, தோஷம்! கண்ணாலேயே பார்க்கலாம்!

"எவ்வளவு சத்தம் வைக்கணும் அய்யா?" என்று கேட்டால் ஒரே பதில்.

"கறுப்பு விழுற வரைக்கும்."

சில நாளில் பொடி விழுவது நின்றுவிடும். அப்போது மறுபடி தீட்சை, மறுபடி காணிக்கை. காதில் பூ சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் காதிலேயே இடியை இறக்கினார், நம் ஆட்கள் இன்னொரு காதையும் காட்டினார்கள். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். கையெழுத்தில் ஒரு புள்ளி குறைந்தால்கூடக் காசோலையைத் திருப்பி அனுப்பியவர். அவர் தன் வீட்டுப் பொடியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டார். படித்த மனிதர்!

எங்கள் வீட்டில் குழந்தைதான் பாடுபட்டது. ஒவ்வோர் இடிக்கும் தூக்கிப்போட்டு அழும். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று. அண்ணன் முழக்கானந்தரிடம் ஓடினான். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"தோஷம் சுவரை விட்டுட்டுக் குழந்தைக்குள்ள பூந்துடுச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை பெட்டிக்கு எதிர்ல குழந்தையைப் படுக்க வைங்க. வால்யூமைக் கடைசி வரைக்கும் திருப்பிடுவோம்."

அண்ணி கேட்டதும் கொதித்துப்போனாள்.

"ஏங்க, பச்சைக் குழந்தைங்க! அது காதா, கருங்கல்லா? செவிடாயிட்டா யாருக்குப் பதில் சொல்வீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பொடி விழுதா இல்லையா? நீயும்தானே பாத்தே?"

"பாத்தேன். பெட்டியோட காத்து ஓட்டைக்கு எதிர்ல மட்டும்தான் விழுது. மத்த மூணு சுவரும் அவ்வளவு சுத்தமா?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேக்காதே" என்று அண்ணன் எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வாசலில் செருப்புக் குவியல். முழக்கானந்தர் வெள்ளை வெளேரென்று வந்து நடுநாயகமாக உட்கார்ந்தார். அண்ணி குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டாள்.

"குழந்தை எங்கேம்மா?" என்றார் அவர்.

"வரும். முதல்ல பெட்டி இடிக்கட்டும்."

சொல்லிக்கொண்டே ஒரு வெள்ளைத் தலையணை உறையை எடுத்தாள். பெட்டியின் முகத்தில், காற்று வெளியேற ஓர் ஓட்டை இருக்கும். அதன் வாயில் உறையைப் போர்த்தி, சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டினாள். முழக்கானந்தர் துள்ளி எழுந்தார்.

"என்னம்மா இது! மூச்சு முட்டும்!"

"பெட்டிக்கா, உங்களுக்கா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி திரும்பினாள்.

"தோஷம் சுவர்லேருந்துதானே விழுது? பெட்டி வாயை மூடினா அதுக்கென்ன வந்துச்சு?" என்றவள், பெட்டியருகே நின்ற என்னிடம், "கடைசி வரைக்கும் திருப்புடி!"

திருப்பினேன். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு தரைத்துணியையே பார்த்தார்கள். ஒரு பொட்டுக் கறுப்பு விழவேண்டுமே! ஊஹூம். நிறுத்தினேன். அண்ணி உறையைப் பிரித்து எல்லோருக்கும் நேராக விரித்துக் காட்டினாள். ஓட்டையின் அளவுக்கு வட்டமாக அப்பியிருந்தது கரி.

"தோஷம் துணியில ஒளிஞ்சுக்கிச்சு..." என்று இழுத்தார் முழக்கானந்தர்.

"அப்படியா?" அண்ணி பெட்டியைத் தூக்கி அவர் பக்கமாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். தீட்சை மொத்தமும் அவர் வெள்ளை வேட்டியில் கொட்டியது. நல்ல சலித்த அடுப்புக்கரி. சத்தம் கூடினால் ஓட்டை வழியே காற்று வேகமாக ஊதும். ஊதினால் பொடி பறக்கும். அவ்வளவுதான் மகிமை.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. போய் மின்செருகியைப் பிடுங்கினான். பிறகு முழக்கானந்தரின் சட்டையைப் பிடித்தான்.

"என் குழந்தையை இதுக்கு எதிர்லயாடா படுக்க வைக்கச் சொன்னே?"

ஞானி ஓடியபோது செருப்புப் போட நேரமில்லை.

"அப்போ எவ்வளவு சத்தம்தான் வைக்கணும்?" என்றாள் ஓர் அம்மாள்.

"படத்துல பேசுறது காதுல விழணும். பக்கத்து வீட்டு ஜன்னல் ஆடக்கூடாது. இதுக்கு எதுக்குங்க சாமியார்?" என்றாள் அண்ணி.

கூட்டம் கலைந்தது. வங்கி மேலாளர் மட்டும் தயங்கி நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அவன் ஃபிராடு, சரி. தோஷத்தை நிஜமாவே போக்குற நல்ல பெட்டி வேற எங்கயாவது இருக்கா?"

"இருக்கு சார். உங்க கழுத்துக்கு மேலயே இருக்கு. பொறந்ததுலேருந்து ஒரு தடவைகூடத் திறக்காம வச்சிருக்கீங்க. இன்னிக்காவது திறந்து பாருங்க."