பாயிண்ட் ஹார்லோ நீச்சல்குளத்தில் பிரெஞ்சு

பாயிண்ட் ஹார்லோ வட்டார நீச்சல்குளச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. என் பெயர் வெண்டல் பர்விஸ். பிறந்தது, வளர்ந்தது, பென்ஷன் வாங்க ஆரம்பித்தது எல்லாம் இந்த ஊரில்தான். ரயில் ஏறினால் அரைமணியில் மாண்ட்ரியல். அங்கே இறங்கினால் எல்லாம் பிரெஞ்சு. நாங்கள் இந்தப் பக்கம் இங்கிலீஷில் புல் வெட்டிக்கொண்டு, இங்கிலீஷில் பனி வாரிக்கொண்டு, பிரெஞ்சு மொழியின் மேல் அளவற்ற மரியாதையோடு வாழ்ந்து வருகிறோம். மரியாதை என்றால் அப்படிப்பட்ட மரியாதை. கிட்டே கூடப் போவதில்லை.

எங்களில் யாரைக் கேட்டாலும், "எனக்குப் புரியும், பேசத்தான் கொஞ்சம் கூச்சம்" என்பார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கூச்சப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படி நிம்மதியாக இருந்த எங்களுக்கு, மே மாதம் அரசாங்கத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. அனுப்பியது 'பொது இடங்களில் மொழிப் பயன்பாட்டு மேற்பார்வைத் துணைப் பிரிவு'. இந்தக் கோடையில் ஒரு நாள், யாரென்று சொல்லாமல், ஒரு பார்வையாளர் சாதாரண ஆள் மாதிரி எங்கள் குளத்துக்கு வருவார். பிரெஞ்சில் சேவை கிடைக்கவில்லை என்றால் குளத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

மற்றவர்களுக்குக் குளம் ஒரு பொழுதுபோக்கு. மோய்ரா டான்ஸ்லிக்கு அதுதான் கால். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முட்டியும் போய்விட்டன. தரையில் பத்தடி நடக்க ஆயிரம் முறை முனகுவார். தண்ணீரில் இறங்கிவிட்டால் போதும், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறப்பார்.

"ஏம்பா வெண்டல், குளத்தை மூடிட்டா என்னை ஒரு நாற்காலியில தூக்கி வச்சிட வேண்டியதுதான். அதுக்கப்புறம் எந்திரிக்க மாட்டேன்," என்றார்.

"நான் இருக்கறப்போ மூட விட்ருவேனா மோய்ரா?" என்று மார்தட்டினேன்.

உடனே அவசரக் கூட்டம் போட்டேன்.

"நம்மள்ல யாருக்குப் பிரெஞ்சு தெரியும்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"சரி, யாராவது ஒருத்தர் பேசுங்க."

எல்லாக் கைகளும் இறங்கின. செயலாளர் ஐரிஸ் ஹோல்கேட் மட்டும் தொண்டையைக் கனைத்தார். வாசல் டிக்கெட்டு வேலையும் அவர்தான் பார்க்கிறார்.

"பள்ளிக்கூடத்துல படிச்சது ஒண்ணு இன்னும் மறக்கல. 'என் மாமாவின் தோட்டத்தில் முயல் உள்ளது.'"

"குளிக்க வர்றவங்ககிட்ட முயலைப் பத்தி எதுக்குச் சொல்லணும் ஐரிஸ்?"

"அவங்களாக் கேட்டாச் சொல்லலாம்ல?"

கடைசியில் தீர்மானம் ஒன்று போட்டோம். 'சங்கத்தின் வேலிக்குட்பட்ட நிலப்பரப்பிலும் நீர்ப்பரப்பிலும் எச்செயலும் முதற்கண் பிரெஞ்சு மொழியிலேயே தொடங்கப்படும்.' இது ஏகமனதாக, இங்கிலீஷில், நிறைவேறியது.

"தண்ணி எல்லா பாஷையிலயும் ஈரமாத்தானேப்பா இருக்கும்?" என்று கேட்டார் மோய்ரா.

"அது துணைப் பிரிவுக்குத் தெரியணுமே," என்றேன்.

ஜூலை பிறந்ததும் ஒரு புது முகம் வந்தது. அடர்த்தியான மீசை, அதிகம் பேசாத வாய். பெயர் லாவாலே என்றார், அசல் பிரெஞ்சுப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதுமே ஐரிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கம். யான் இன்று நீந்துதற்பொருட்டு வந்துள்ளேன்," என்றார் அவர் பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக, அதிகாரிகளுக்கே உரிய நிதானத்தோடு.

"தங்கள் வரவு நல்வரவாகுக. நீர் குளிர்ச்சியாக உள்ளது. குளமானது தங்கள் இடப்புறம் அமைந்துள்ளது," என்றார் ஐரிஸ்.

குளம் வலப்புறம் இருந்தது. அவர் இடப்புறம் போய், அங்கிருந்த குப்பைத் தொட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எல்லாத்தையும் மனசுல குறிச்சுக்கறார்," என்று என் காதில் கிசுகிசுத்தார் ஐரிஸ்.

அன்றிலிருந்து லாவாலேதான் எங்கள் மாப்பிள்ளை. நிழலில் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு. அடுப்பிலிருந்து இறக்கிய முதல் ஹாட் டாக் அவருக்கு. சுவரோரமாக மோய்ரா வழக்கமாக நீந்தும் தடமும் அவருக்குத்தான் வசதி என்று தோன்றியதால், அதையும் கொடுத்துவிட்டோம்.

"அப்போ நான் எங்கே நீந்தறது?" என்றார் மோய்ரா.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. குளத்தைக் காப்பாத்தறதே உங்களுக்காகத்தானே?"

"எனக்காகத்தான் என்னைத் தண்ணியில எறங்க விட மாட்டேங்கறியா?"

"அதேதான்," என்றேன். புரிந்துகொண்டாரே என்று சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் இந்த உபசாரம் நடந்தது. ஒரு நாள் லாவாலே ஏணிப்படியில் கால் கட்டைவிரலை நன்றாக இடித்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் அத்தனையும் சுத்தமான இங்கிலீஷ்.

நீந்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், நீங்க இங்கிலீஷ்காரரா?" என்றேன்.

"அட, நீங்களுமா?" என்றார் அவர்.

பக்கத்து ஊர்க்காரராம். ஏதோ ஒரு கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "எங்க ஊர்க் குளத்தை மூடிட்டாங்க. இது பிரெஞ்சுக்காரங்க குளம் போலன்னு நெனச்சு, உங்க மனசு நோகக்கூடாதேன்னு உயிரைக் குடுத்துப் பேசிட்டிருந்தேன். ஆனா ஒண்ணு சார், என் வாழ்நாள்லயே நீங்க எல்லாரும் பேசின பிரெஞ்சுதான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது."

நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். மோய்ரா பழையபடி தன் தடத்தில் இறங்கினார்.

அடுத்த வாரம் செம்பட்டை முடியோடு ஒரு பெண்மணி வந்தார். பெயர் மர்ஃபி என்றார். மர்ஃபி என்றால் இங்கிலீஷ் பேசுகிற எங்கள் ஆள்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டோம். அந்த அம்மா மளமளவென்று பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஐரிஸ் தீர்மானத்தை மதித்து, "தங்கள் வரவு..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். மாண்ட்ரியல் நகரத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நாம் திணறுவது காதில் விழுந்த உடனே மனமிரங்கி இங்கிலீஷுக்கு மாறிவிடுவார்கள்.

"பரவால்ல விடுங்க, கஷ்டப்படாதீங்க. இங்கிலீஷ்லயே சொல்லுங்க," என்றார் மர்ஃபி.

"அப்பாடா!" என்று ஐரிஸ் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் இருவரும் இங்கிலீஷில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான், ஆழமான பக்கத்தில் மோய்ராவுக்குக் கால் பிடித்துக்கொண்டது. "காலு! ஐயோ, காலு!" என்று ஒரு சத்தம். அப்புறம் கைகள் மட்டும் தெரிந்தன.

உயிர்காப்பாளர் புரூஸ் பாய்ந்து எழுந்தார். எழுந்ததும் தீர்மானம் ஞாபகம் வந்துவிட்டது. எச்செயலும் முதற்கண் பிரெஞ்சு. "மதிப்பிற்குரிய அம்மையீர்," என்று உரக்க ஆரம்பித்தார், "தாங்கள் தற்போது..." நின்றுவிட்டார்.

"ஐரிஸ்! மூழ்கறதுக்குப் பிரெஞ்சுல என்ன?"

ஐரிஸ் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் நிற்கிறது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தேன். மோய்ரா தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவனாகிய நான் கரையில் கண்ணை மூடி ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

தொப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், மர்ஃபி உடுத்திய துணியோடு தண்ணீரில் இருந்தார். "பயப்படாதீங்கம்மா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க, இதோ வந்தாச்சு," என்று இங்கிலீஷில் சொல்லிச் சொல்லியே மோய்ராவைக் கரைக்கு இழுத்து வந்தார். மோய்ரா இருமி, தண்ணீரைத் துப்பி, மூச்சு வாங்கினார். உயிர் பிழைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மர்ஃபி சொட்டச் சொட்டப் பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினார். துணைப் பிரிவின் பார்வையாளர்.

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார். "சங்க வளாகத்துக்குள்ள ஒருத்தரை இங்கிலீஷ்ல காப்பாத்தியிருக்காங்க. கடுமையான விதிமீறல்."

"காப்பாத்தினதே நீங்கதானேம்மா!"

"அதையும் மறைக்காம எழுதப்போறேன். காப்பாற்றிய பெண், தாய்மொழி பிரெஞ்சாக இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை."

"அப்போ நடவடிக்கை உங்க மேலயா?"

"நான் அலுவலகம் சார். அலுவலகத்து மேல புகார் வந்தா அலுவலகம்தான் விசாரிக்கும். இப்பத்தான் விசாரிச்சேன். நல்லெண்ணத்தோட செஞ்சது, மன்னிச்சாச்சு. குளத்தைத்தான் மூடணும்."

"எங்க புரூஸ் பிரெஞ்சுலதானே ஆரம்பிச்சார்?"

"அது பாராட்டுக்குரிய முயற்சி. இன்னும் ஒரு நிமிஷம் குடுத்திருந்தா முடிச்சிருப்பார்."

"நானும் முடிஞ்சிருப்பேன்," என்றார் மோய்ரா, துண்டுக்குள்ளிருந்து.

குளத்தை மூடினார்கள். மோய்ரா நாற்காலியில் விழுந்துவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருக்க, அந்த மனுஷி ஒரு கைத்தடியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். மாண்ட்ரியலில் ஒரு பொதுக் குளம். சாயந்திரம் திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் சிவந்து பத்து வயது குறைந்திருந்தது.

"அங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"சமாளிக்க என்ன இருக்கு? வாயைத் திறந்தேன். இங்கிலீஷ்லயே பேசினாங்க. கையைப் பிடிச்சு ஏணியில எறக்கி விட்டாங்க. தங்கமான ஜனங்க வெண்டல்!"

மறுநாள் சங்கமே கிளம்பிப் போனது. கோடை முழுக்கப் பயிற்சி எடுத்தவர்கள் அல்லவா? வாசலில் இருந்தவரிடம் நான் ஒரு முழு வாக்கியத்தை, நடுவில் எங்கும் நிற்காமல், பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் பதில் சொன்னார். இன்னொரு வாக்கியம் சொன்னேன். மறுபடி இங்கிலீஷ். ஐரிஸ் தன் மாமாவின் முயலையே இறக்கிப் பார்த்தார். அந்த மனுஷர் முயலுக்கு என்ன வயது என்று இங்கிலீஷில் விசாரித்தார்.

எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஊரில் இதற்காகத்தானே குளத்தையே மூடினார்கள்? ஊருக்கு ஒரு நியாயம், நகரத்துக்கு ஒரு நியாயமா? ரயிலிலேயே கூட்டம் போட்டோம். 'மேற்படி குளத்தில் எங்களுக்குப் பிரெஞ்சில் சேவை மறுக்கப்பட்டது' என்று துணைப் பிரிவுக்குப் புகார் கொடுப்பதாக ஏகமனதாக முடிவானது.

விஷயம் கேள்விப்பட்டு மோய்ரா என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வெண்டல், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், வேணாம்பா. அதையும் மூடிட்டா நான் எங்கே போவேன்?"

"இது தனிப்பட்ட விஷயம் இல்ல மோய்ரா. கொள்கை."

"உன் கொள்கைக்கு முட்டி வலிக்குதா?"

புகாரை ஏற்கெனவே தபாலில் போட்டிருந்தேன்.

துணைப் பிரிவு மின்னல் வேகத்தில் நடவடிக்கை எடுத்தது. விசாரணை முடியும்வரை நகரத்துக் குளமும் மூடிக் கிடக்கும். மொழிக்காகப் போராடியதைப் பாராட்டி எங்கள் சங்கத்துக்கு ஒரு சான்றிதழும் வந்திருக்கிறது. எங்கள் வசதிக்காக அதை இங்கிலீஷிலேயே அச்சடித்திருந்தார்கள். கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

மோய்ரா எதிர்வீட்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் கையசைத்தால் திரும்பிக்கொள்கிறார். என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார், இரண்டு மொழியிலும்.